குடித்தவன் குற்றவாளி, கொடுத்தவன்?

மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு! இப்படியொரு வாசகத்தை மதுக்கடைப் பலகையிலே காணாத தமிழர் இரார். எழுதிவைத்தவர் யார்? கடையை நடத்துபவரே! எழுதிவைத்த இடம் எது? அந்தக் கேடு விற்கப்படும் இடமே!

அந்த வாசகத்தை, ஒரு புலவரின் பாட்டைப் படிப்பதுபோல நின்று, நிதானித்துப் படித்துப் பார்த்தேன். எழுவாய் இருக்கிறது: மது. பயனிலை இருக்கிறது: கேடு. இடையிலே நாடு உண்டு, வீடு உண்டு, உயிர் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. விற்பவர் இல்லை! மது தானாக மரத்திலே காய்த்து, தானாகக் குப்பியிலே புகுந்து, தானாகத் தமிழன் கையிலே வந்து உட்கார்ந்துகொண்டதுபோல அமைந்திருக்கிறது வாக்கியம். இலக்கணத்திலே தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. இதைத் தோன்றா வாணிகன் என்று சொல்லலாம்.

இலக்கிய ஏட்டிலே மதுக்கடைப் பலகைக்குத் திறனாய்வா என்று நகைக்காதீர், தோழர்களே! அந்தப் பலகை எழுதியவரின் கண்டுபிடிப்பன்று. இரண்டாயிரம் ஆண்டு நீதி நூல் மரபு அதன் பின்னே நிற்கிறது. நாம் திறனாய வேண்டியது அந்த மரபைத்தான்.

முதலிலே ஓர் ஊருக்குப் போவோம். தென்காசி மாவட்டத்திலே, முன்னாளில் சங்கரன்கோவில் வட்டத்தோடு எண்ணப்பட்ட சிவகிரி. மேற்கே மலை, அடிவாரத்திலே வயலும் தோப்பும். கொல்லத்திலே புறப்பட்டு, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, செங்கோட்டை, தென்காசி, புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று வந்து, சிவகிரியைத் தொட்டு, இராசபாளையம் வழியே திருமங்கலம் சென்று முடிகிறது 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பகலெல்லாம் கேரளத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள். பொழுது சாய்ந்தால் வேலை முடித்துத் திரும்பும் இருசக்கர வண்டிகள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எலுமிச்சைத் தோட்டத்திலே கூலிவேலை செய்யும் ஓர் இளைஞன். எட்டு மணிக்குக் கடையிலே ஒரு குப்பி வாங்கினான். ஒன்பது மணிக்கு இன்னொன்று. மூன்றாவதற்கு வந்தபோது கால் தள்ளாடிற்று, நாக்குக் குழறிற்று, நோட்டை எண்ணிக் கொடுக்க விரல் இணங்கவில்லை. எண்ண முடியாதவனுடைய பணத்தை எண்ண முடிந்தவர் எண்ணி எடுத்துக்கொண்டார். குப்பி கைமாறிற்று. பத்து மணிக்குக் கதவை அடைத்தார்கள். வாசலிலே நின்ற வண்டியை அவன் உதைத்துக் கிளப்பியதைக் கண்டவர் பலர். பத்தேகாலுக்கு, சாலையோரமாக நடந்துசென்ற மூதாட்டி ஒருத்தி மீது மோதினான். அவளும் மாண்டாள், அவனும் மாண்டான்.

விசாரணை நடக்கிறது. ஓட்டுநர் உரிமம் இருந்ததா? தலைக்கவசம் அணிந்தானா? வண்டிக்குக் காப்பீடு உண்டா? விளக்கு எரிந்ததா? மூதாட்டி சாலையின் எந்தப் பக்கம் நடந்தாள்? செத்தவளைக்கூட விசாரித்துவிடுகிறார்கள்! மூன்றாவது குப்பியைக் கொடுத்தவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஊரார் என்ன சொல்கிறார்கள்? விதி என்கிறார்கள்.

விதி! மது வாணிகத்துக்கு இதைவிடத் திறமையான வழக்கறிஞர் இதுவரை கிடைத்ததில்லை. பாரதக் கதையின் மௌசல பருவத்தை நினைவுகூருங்கள். பிரபாசக் கரையிலே யாதவர்கள் கூடினர், மூக்குமுட்டக் குடித்தனர், ஒருவரையொருவர் அடித்துக் கொன்று குலத்தோடு அழிந்தனர். காரணம் என்னவென்று கேட்டால் கதை சொன்னவர் முனிவரின் சாபம் என்கிறார். அத்தனை பேருக்கும் அத்தனை மது எங்கிருந்து வந்தது, வெறி ஏறிய பிறகும் வார்த்துக்கொண்டே இருந்த கை யாருடையது என்ற கேள்வி எழவில்லை. சாபம் என்று சொல்லிவிட்டால் சாடியைப் பற்றிப் பேச வேண்டியதில்லையல்லவா? சுரா பானத்தை ஏற்றவர் சுரர், மறுத்தவர் அசுரர் என்று இராமாயணமே பெயர்க்காரணம் கூறுவதை நம் மேடைகளிலே பலர் எடுத்துக்காட்டிவிட்டார்கள். நான் அதை நீட்ட விரும்பவில்லை.

புராணத்தை விடுவோம். அறிவுநூல் என்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் குறளுக்கு வருவோம். 93-ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை. பொருட்பாலிலே வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, மது நாட்டின் நிலையோடு தொடர்புடைய செய்தி. பத்துக் குறளையும் வரிசையாகப் படியுங்கள். கள் குடிப்பவனைப் பகைவர் அஞ்சார். பெற்ற தாயே அவனைக் கண்டு துன்புறுவாள். நாணம் அவனுக்குப் புறங்காட்டும். அவன் உறங்குபவனல்லன், இறந்தவன். உண்பது கள்ளன்று, நஞ்சு. ஊரார் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பத்துக் குறளிலும் விரல் நீளுவது ஒருவனை நோக்கியே: குடிப்பவனை. விற்பவன் ஒரு குறளிலும் இல்லை.

ஒரு குறளிலே அவன் வாசல்வரை வந்து நிற்கிறான். விலை கொடுத்துத் தன்னையறியாத மயக்கத்தை வாங்குகிறானே, எத்தகைய அறியாமை என்று வியக்கிறார் வள்ளுவர். விலை கொடுத்தவன் ஒருவன் உண்டென்றால், விலை வாங்கியவன் ஒருவன் உண்டல்லவா? கொடுத்தவனுடைய அறியாமையைக் கண்ட கண், வாங்கியவனுடைய அறிவை, அந்தக் கணக்கறிந்த கூர்மையைக் காணவில்லை.

வள்ளுவருக்கு வணிகம் தெரியாது என்று சொல்ல முடியாது. புலால் மறுத்தலிலே தின்பவனையும் விற்பவனையும் ஒரே குறளில் நிறுத்திக் கணக்குப் போட்டவர் அவர். தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால் விலைக்காக ஊன் தருபவர் யாரும் இரார் என்பது அந்தக் கணக்கு. வாங்குபவன் இருப்பதால் விற்பவன் இருக்கிறான் என்பது அதன் சாரம். ஊனுக்கு அது ஓரளவு பொருந்தக்கூடும். மதுவுக்குப் பொருந்துமா? இரண்டாம் குப்பி மூன்றாம் குப்பிக்கான வேட்கையை உண்டாக்குகிறது. வேட்கை இருந்ததால் சரக்கு வந்தது என்பதோடு, சரக்கு உள்ளே போனதால் வேட்கை வந்தது என்பதும் உண்மை. விற்பவன் வாங்குபவனின் ஆசைக்குப் பணிவிடை செய்பவன் மட்டுமல்லன், அந்த ஆசையைச் செய்து தருபவனும் அவனே. இந்த இடத்திலே ஊன் கணக்கு உடைகிறது.

வள்ளுவரைக் குறைகூற இதை எழுதவில்லை. குறளிலேயே விடையும் இருக்கிறது என்று காட்டத்தான் எழுதுகிறேன். வெறியேறியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவதுபோல என்கிறார். எத்துணைக் கூரிய பார்வை! குடிவெறியிலே இருப்பவனிடம் அறிவு இல்லை. அவனோடு வழக்காட முடியாது. அப்படியானால், தோழர்களே, மூன்றாவது குப்பி கைமாறும் அந்த நொடியிலே மேசையின் இருபுறமும் நிற்கும் இருவரில் அறிவோடு இருப்பவர் யார்? விற்பவர் ஒருவரே! அறிவிழந்தவனுக்குப் பத்துக் குறள்; அறிவோடு நின்றவருக்கு ஒரு குறளும் இல்லை. உரை எழுதியவர்களும் இந்த வழியே போனார்கள், மேடையிலே முழங்கியவர்களும் இந்த வழியே போனார்கள். பலகை எழுதியவர் கடைசியாக வந்து சேர்ந்தார், அவ்வளவுதான்.

விற்பவனைக் கேட்ட மரபு உலகத்திலே இல்லாமல் இல்லை. இல்லறத்தான் செய்யத் தகாத வாணிகங்கள் என்று புத்தர் ஐந்தைக் குறித்தார். படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு. குடியாதே என்று சொன்னதோடு நில்லாமல், விற்காதே என்று தனியே சொன்னார். நஞ்சு விற்பவனும் மது விற்பவனும் அந்தப் பட்டியலிலே அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். நம் சிவகிரிச் சாலையைப் பிடித்து மேற்கே போனால் கொல்லம் வருகிறது. அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் வர்க்கலை. அங்கும் ஒரு சிவகிரி இருக்கிறது, நாராயண குரு வாழ்ந்து மறைந்த சிவகிரி. மதுவைப் பற்றி அவர் சொன்னது கேரளத்துச் சுவர்களிலெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அது நஞ்சு என்றார். பிறகு மூன்று விலக்குகளை வைத்தார். உண்டாக்குதல் முதல் விலக்கு, கொடுத்தல் இரண்டாவது, குடித்தல் மூன்றாவது. வரிசையைக் கவனியுங்கள்! நம் நீதி நூல் எங்கே தொடங்கியதோ அங்கே அவர் முடிக்கிறார். யாரிடம் சொன்னார்? கள்ளிறக்குதலைத் தொழிலாகக் கொண்டவர் பலர் இருந்த தம் சமூகத்தாரிடம், அவர்கள் பிழைப்பிலேயே கைவைத்துச் சொன்னார். அவர் துறவி, நாம் பகுத்தறிவாளர். ஆயினும் அந்த வரிசைக்கு வணக்கம் செலுத்த எனக்குத் தயக்கமில்லை.

ஈரோட்டிலே 1921-இல் நடந்ததை இந்தக் கண்கொண்டு பாருங்கள். பெரியார் தம் தோப்பிலிருந்த 500-க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். குடிகாரனைத் திட்டவில்லை, கள்ளுக்கு மரம் தந்த தம் கையைத் தாமே குற்றவாளிக் கூண்டிலே ஏற்றினார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் மறியல் செய்தது கடைவாசலிலே, குடிப்பவன் வீட்டு வாசலிலே அன்று.

நீதி நூல் போன வழியிலேதான் சட்டமும் போயிற்று. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 510-ஆம் பிரிவிலே, குடிவெறியிலே பொது இடத்தில் தொல்லை தருபவனுக்கு 24 மணி நேரச் சிறை அல்லது 10 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று விதித்தது. அந்தச் சட்டம் 2024 ஜூலை முதல் நாளோடு விடைபெற்றது. புதிய சட்டத்திலும் விரல் நீளுவது குடித்தவனை நோக்கியே. குடித்து வண்டி ஓட்டுபவனுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு இருக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்திலே 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். 2019-இல் திருத்தப்பட்டபின் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் அளவுகோல் அவனுடைய இரத்தத்திலே மட்டும் நுழைகிறது. அந்த இரத்தத்துக்குள்ளே ஊற்றியவரின் கல்லாப்பெட்டிக்குள் நுழையவில்லை.

வெறியேறியவனுக்கு விற்கலாகாது என்று உரிம விதிகள் சிலவற்றிலே ஒரு நிபந்தனை காணலாம். அது அரசுக்கும் உரிமம் பெற்றவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தச் சொல். சாலையிலே செத்த மூதாட்டியின் மகனுக்கு அதனால் ஒரு காசு கிடையாது. இழப்பீடு வழங்கும் தீர்ப்பாயத்துக்கு அவன் போகலாம். காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. வண்டிக்காரன் யார்? நாம் எண்ணிக்கொண்ட அந்தக் கூலிக்காரன்! செத்துப்போன அவனிடம் என்ன வசூலிப்பது? அவன் மனைவியின் தோட்டையா?

வேறு நாட்டார் என்ன செய்தார்கள்? டிராம் என்பது ஆங்கிலேயர் சாராயம் அளந்த சிற்றளவை. அதனாலே குடிப்பொறுப்புச் சட்டங்களை அமெரிக்காவிலே டிராம் கடைச் சட்டங்கள் என்றார்கள். 1849-இல் விஸ்கான்சின் மாநிலம், மது விற்பவர் முன்கூட்டியே பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. எதற்காக? அவர் விற்ற மதுவால் வறியவராகிறவர்கள், கைம்பெண்கள், அநாதைகள் ஆகியோரைப் பேணும் செலவுக்காக! கைம்பெண்ணின் கண்ணீரைக் கவிதைக்குப் பொருளாக்கியவர் உலகெங்கும் உண்டு. அதை விற்பவரின் கணக்கேட்டிலே செலவாக எழுதவைத்தவர்கள் அவர்கள். இங்கிலாந்திலே 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு, வெறியேறியவன் என்று அறிந்தே அவனுக்கு மது விற்பதைக் குற்றமாக்குகிறது.

கனடா நாட்டு வழக்கொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜோர்டான் ஹவுஸ் என்னும் விடுதிக்கு வாடிக்கையாக வரும் ஒருவர். அளவு மீறிக் குடிப்பவர் என்று விடுதிக்காரருக்கு நன்றாகத் தெரியும். துணையின்றி வந்தால் அவருக்கு மது தராதீர் என்று ஊழியருக்குச் சொல்லியும் வைத்திருந்தார்கள். 1968 சனவரியில் ஒரு மாலை, தெரிந்தும் கொடுத்தார்கள். வெறி ஏறியதும் வெளியே தள்ளினார்கள். நெடுஞ்சாலை வழியே வீடு நோக்கி நடந்தவரை ஒரு கார் மோதிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1973-இலே தீர்ப்பு: இழப்பிலே மூன்றிலொரு பங்கு விடுதியுடையது, மூன்றிலொரு பங்கு கார் ஓட்டியவருடையது, மூன்றிலொரு பங்கு குடித்தவருடையது. எத்துணை நேர்மையான வகுத்தல்! குடித்தவரைக் குழந்தையாக்கவில்லை. விற்றவரைத் தப்பவிடவும் இல்லை. நம் அதிகாரத்திலே விடுபட்ட பதினோராவது குறளை அந்த நீதிபதிகள் எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவிலே 2009-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. குடித்தவரின் மோட்டார் சைக்கிளை விடுதிக்காரர் பூட்டிவைத்திருந்தார். மனைவியை அழைக்கட்டுமா என்றும் கேட்டார். அவர் சீறினார், வண்டியைக் கேட்டார், வாங்கினார், ஓட்டினார், இறந்தார். வளர்ந்த மனிதனின் விருப்பத்துக்குக் காவலிருக்கும் பொதுக்கடமை விடுதிக்காரருக்கு இல்லை என்றது நீதிமன்றம். அது நடந்த தீவின் பெயர் டாஸ்மேனியா! பெயர்ப் பொருத்தத்தை நான் உண்டாக்கவில்லை. ஆனால் அந்த விடுதிக்காரர் செய்ததை எண்ணிப் பாருங்கள். வண்டியைப் பூட்டினார், மனைவியை அழைக்க முன்வந்தார். சட்டம் விடுவித்த அந்த மனிதர் செய்த அளவாவது நம் சிவகிரிச் சாலையிலே யார் செய்கிறார்கள்?

இப்போது நம் கடைக்கு வருவோம். நம் நாட்டிலே இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கனடாவிலே விற்றவர் ஒரு விடுதிக்காரர். இங்கே விற்பது அரசு! தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983-இல் தொடங்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் இறுதியிலே சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமையாயிற்று. 2023–24 ஆண்டிலே மதுவால் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய்.

கடையோடு ஒட்டிய குடிக்கூடத்தைக் கவனித்தீர்களா? அதனை ஏலத்திலே எடுப்பவர் பெறும் உரிமை என்ன தெரியுமா? தின்பண்டம் விற்கலாம், காலிப் புட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்! மது விற்கும் உரிமை அவருக்கில்லை. இந்த அமைப்பின் அழகை அனுபவியுங்கள். கடையிலே போய், ஐயா, இவ்வளவு குடிக்கவிட்டீரே என்று கேட்டால், நாங்கள் மூடி திறவாத குப்பியைத்தான் விற்றோம், அவர் எங்கே எவ்வளவு குடித்தார் என்று எங்களுக்கென்ன தெரியும் என்பார்கள். கூடத்திலே போய்க் கேட்டால், நாங்கள் சுண்டலும் ஆம்லெட்டும்தானே விற்றோம், மதுவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்பார்கள். விற்றவர் வார்க்கவில்லை, இடம் கொடுத்தவர் விற்கவில்லை! ஒரு சுவருக்கு அந்தப்புறம் மது, இந்தப்புறம் போதை. பொறுப்பு அந்தச் சுவருக்குள்ளே புதைக்கப்பட்டுவிட்டது.

நட்சத்திர விடுதிகளிலும் மன்றங்களிலும் இந்தச் சுவர் இல்லை. அங்கே பணியாள் அளந்து ஊற்றுகிறார், எத்தனையாவது கோப்பை என்று சீட்டிலே எழுதுகிறார், தள்ளாடுபவருக்குக் கைகொடுத்துக் காருக்குள் ஏற்றுகிறார். கூலிக்காரனுக்குக் கைகொடுப்பவர் இல்லை. பத்து மணி என்றதும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக் கதவடைப்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் உபசாரம்.

நெடுஞ்சாலைக் கடைகளை நீதிமன்றம் மூடவில்லையா என்பீர்கள். ஆம், அது தமிழ்நாட்டு வழக்குத்தான். வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கிலே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை அகற்றச் சொல்லிற்று. தமிழ்நாடு அரசு மேல்முறையீடு செய்தது. 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் முதல் நாள் நம் மாநிலத்திலே மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சிற்றூர்களுக்கு 220 மீட்டர் என்று முன்னதாகவே குறைத்திருந்தார்கள். நகராட்சி எல்லைகளுக்குப் பொருந்தாது என்று அந்த ஆண்டு ஜூலையிலே விளக்கினார்கள். கேரளத்திலே ஒரு மதுக்கூடக்காரர் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். வாசலுக்கு முன்னே சுற்றிச் சுற்றிப் போகும் சந்து ஒன்றைக் கட்டினார். கடை நகரவில்லை, நடக்கும் தூரம் மட்டும் 500 மீட்டரைத் தாண்டிற்று! சட்டம் சாலைக்கும் கடைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தது. மூன்றாவது குப்பிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரத்தை அது அளக்கவில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பு பெரிது. சாலைச் சாவுக்கும் மது விற்பனைக்கும் தொடர்புண்டு என்பதை நாட்டின் தலைமை நீதிமன்றம் ஏற்ற பிறகு, விதி என்று சொல்வதற்கு இடமேது?

அரசின் மீது வழக்குத் தொடுக்கலாமா என்ற ஐயம் எழும. 1964-இலே கஸ்தூரிலால் வழக்கில், அரசின் இறைமைக்கு உரிய பணியிலே ஊழியர் தவறினால் அரசு பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மது விற்பது இறைமைப் பணியா? படை திரட்டுவதா, நீதி வழங்குவதா? கல்லாவிலே உட்கார்ந்து செய்யும் வாணிபம்! அதைச் செய்வதும் நிறுவனச் சட்டப்படி பதிவான ஒரு கழகம். 1994-இலே கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலே அதே நீதிமன்றம், மது வாணிகம் எவருக்கும் அடிப்படை உரிமையாகாது, அரசு அதைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றது. எவருக்கும் உரிமையில்லாத தொழிலைத் தனக்கு மட்டும் உரியதாக்கிக்கொண்டவர், அதன் கடமையையும் தனக்கு மட்டும் உரியதாக ஏற்க வேண்டாமா? இலாபத்திலே தனியுரிமை, தீங்கிலே பொதுவுடைமையா?

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பொறுப்பு என்றதும் மேசைக்குப் பின்னே நிற்கும் விற்பனையாளரின் கழுத்திலே கயிற்றைப் போடச் சொல்லவில்லை. தொகுப்பூதியத்திலே நாளெல்லாம் நின்று, குடிகாரர் வசவையும் அடியையும் வாங்கும் அந்தத் தோழரும் நம்மவரே. அவர் மறுத்தால் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். மறுக்காவிட்டால் பொறுப்பு நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

இனி, நம் கூட்டத்துக்குள்ளிருந்தே எழும் மறுப்பு. மதுவிலக்கு தனிமனித உரிமையிலே தலையிடுவது என்று பெரியாரே பின்னாளில் எதிர்த்தாரே, நீர் வேறு வாசல் வழியாக மதுவிலக்கைக் கொண்டுவருகிறீரா என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுவிலக்கின் கதை நமக்குத் தெரியும். 1937-இலே சேலத்தில் இராசாசி தொடங்கியதும், அண்ணா ஆட்சியிலே அது நீடித்ததும், 1971-இலே கலைஞர் ஆட்சி ஒத்திவைத்ததும், 1974-இலே மீண்டும் வந்ததும், 1981-இலே எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி போனதும் வரலாறு. கடை திறந்தவர் பட்டியலிலே நம்மவர் பெயரும் உண்டென்பதை மறைத்துவிட்டு எழுதுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

ஆனால் நான் கேட்பது மதுவிலக்கன்று. விலக்குச் சட்டம் குடிப்பவனைப் பார்த்து, உனக்கு வேண்டியதை நீ முடிவு செய்யாதே என்கிறது. பொறுப்புச் சட்டம் விற்பவரைப் பார்த்து, முடிவு செய்யும் அறிவு அவனிடம் போன பிறகும் விற்றாயே என்று கேட்கிறது. முதல் குப்பியைக் கேட்டவன் உரிமையுள்ள மனிதன். நோட்டை எண்ண இயலாமல் மூன்றாவதைக் கேட்டவனிடம் எந்த உரிமை பேசிற்று? உரிமையின் பெயரால் வெறியின் பணத்தை எடுத்துக்கொள்வது உரிமைப் பற்றா, வசூல் பற்றா? உரிமை பேசுவோர் சாலையோரம் நடந்த மூதாட்டியின் உரிமையையும் ஒரு நொடி எண்ணிப் பார்க்கட்டும். அவள் எந்தக் குப்பியையும் கேட்கவில்லை.

கொடுத்தவரைப் பிடிக்க இந்நாட்டுக்குத் தெரியாது என்றும் எண்ணாதீர். சிறுவனுக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. 2024 மே 19-இலே புனே நகரில், பதினெட்டு நிரம்பாத செல்வர் வீட்டுப் பிள்ளை குடித்துவிட்டுக் காரோட்டி இளம் பொறியாளர் இருவரைக் கொன்றபோது, அவனுக்கு மது பரிமாறிய கூடங்களின் உரிமையாளரையும் மேலாளரையும் காவலர் கைது செய்தார்கள். சிறுவனுக்கு அறிவு முதிரவில்லை, ஆகவே கொடுத்தவர் குற்றவாளி! சரியான வாதம். வெறியேறியவனுக்கு அறிவு இருக்கிறதா? நீருக்கடியில் மூழ்கியவன் என்றாரே வள்ளுவர்!

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்திலே, 185-க்கு மூன்று பிரிவு தள்ளி, 188 என்றொரு பிரிவு உறங்கிக்கொண்டிருக்கிறது. குடித்து ஓட்டும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்பது அதன் பொருள். உடந்தை என்பதை மெய்ப்பிப்பது எளிதன்று; அவன் வண்டி ஓட்டப்போகிறான் என்று தெரிந்தே உதவினார் என்று காட்ட வேண்டும். கடை வாசலிலே வரிசையாக நிற்கும் வண்டிகளைக் கண்டவருக்கு எது தெரியாது? கோடிக் கணக்கிலே விற்பனையை எண்ணும் கழகத்துக்கு வாசலிலே நிற்கும் வண்டிகளை எண்ணுவது கடினமா?

சிவகிரிச் சாலையிலே மாண்ட அந்த மூதாட்டிக்கு ஒரு மகன் இருந்து, அவன் வழக்குரைஞர் ஒருவரைத் தேடிப் போனால், அவர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய முதல் தாள் இந்த 188-ஆம் பிரிவு அச்சாகியிருக்கும் பக்கம். இரண்டாவது தாள், அன்றிரவு ஒன்பதரை மணிக்கு மேல் அந்தக் கடையிலே போடப்பட்ட விற்பனைச் சீட்டு. சீட்டுப் போட்டார்களா என்பதை அவர் கடையிலேயே போய்க் கேட்கட்டும்.